வெண்மணியும் வகுப்பறையும்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் படிக்கும் பிள்ளைக்கு, நாஜி ஜெர்மனி ஏறத்தாழ 60 லட்சம் யூதர்களைக் கொன்றது தெரிந்திருக்கும். அந்த எண் தேர்விலும் வரலாம். அதே பிள்ளையின் பாடநூலில், முன்பக்கத்தில், தீண்டாமை குற்றம், மனிதத்தன்மைக்கு ஒவ்வாதது என்ற பொருளில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. அதில் ஊர் இல்லை, ஆண்டு இல்லை, செய்தவரும் பட்டவரும் இல்லை. கடல் கடந்த கொடுமை வரலாறாகவும் வயல் கடந்த கொடுமை அறிவுரையாகவும் வந்து சேர்கிற இந்த ஏற்பாட்டின் பின்கதையைக் கீழ்வெண்மணி வழியாகத் தேடுகிறது இக்கட்டுரை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நோக்கமல்ல. ஒன்று, அரசே திட்டமிட்டு நடத்திய இன அழிப்பு; மற்றது, ஒரே இரவில் மிராசுதார்களின் ஆட்கள் செய்த படுகொலை. நடந்து முடிந்தபின் பள்ளிக்கூடம் என்ன செய்தது என்பதை மட்டும் ஒப்பிடலாம்.

கீழ்வெண்மணி இருந்த பழைய தஞ்சை மாவட்டத்தில் 1943 முதல் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவும் தோழர்களும் பண்ணையாட்களைத் திரட்டினார்கள். அன்று சவுக்கடியும் சாணிப்பாலும் மிராசுதார் கொடுக்கும் வழக்கமான தண்டனைகள். சேரிப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வயதில் பண்ணை மாடுகளை மேய்த்தார்கள். 1952இல் வந்த தஞ்சாவூர் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இந்தப் போராட்டங்களின் பலன். ஆனால் தொழிலாளர் சங்கம் வளர வளர எதிர்ப்பும் வளர்ந்தது. 1960களில் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு தலைமையில் மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கம் இயங்கியது. செங்கொடியை இறக்கிவிட்டுத் தங்கள் சங்கத்துக்கு வரச்சொல்லி மிராசுதார்கள் நெருக்கினார்கள். தொழிலாளர்களோ அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்டார்கள்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணிச் சேரிக்குள் புகுந்த கும்பலுக்குத் தப்பி, ராமையாவின் சிறிய குடிசைக்குள் அடைந்தவர்களில் 44 பேர் உள்ளேயே எரிந்துபோனார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் 1970இல் நாயுடு உள்ளிட்டோருக்கு 10 ஆண்டு சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. இவ்வளவு வசதி படைத்தவர்கள், அதில் ஒருவர் கார் வைத்திருப்பவர், ஆளை அனுப்பாமல் தாங்களே நடந்துபோய்த் தீவைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் வாதங்களில் ஒன்று. படுகொலை நடந்த அன்றைய மோதலில் மிராசுதார் தரப்பின் பக்கிரிசாமி பிள்ளை இறந்த வழக்கிலோ தொழிலாளர்கள் சிறைக்குப் போனார்கள். 1973இலேயே மைதிலி சிவராமன் உயர் நீதிமன்றத் தீர்ப்பைப் பிரித்து எழுதிய ஆங்கிலக் கட்டுரை இன்றும் கூர் மழுங்கவில்லை.

நிகழ்ச்சிக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதில்தான் நம் கேள்விக்கான விடையின் பாதி இருக்கிறது. அன்றைய பத்திரிகைகளுக்கு இது கிசான் மோதல். அரசுக்குக் கூலித் தகராறு: கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது, 1969இல் கீழ்த்தஞ்சை விவசாயத் தொழிலாளர்களுக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இடதுசாரிகளுக்கு வர்க்கப் போர். எதுவும் முழுப் பொய்யில்லை. ஆனால் எரிந்தவர் அனைவரும் சேரியினர் என்பது மூன்று விளக்கத்திலும் பின்னுக்குப் போய்விட்டது. கூலித் தகராறுக்கு மருந்து கூலிச் சட்டம். அதில் வாத்தியாருக்கு என்ன வேலை?

மேற்கு ஜெர்மனியும் உடனே விழித்துக்கொண்டுவிடவில்லை. 1950களில் அங்கே பள்ளிகள் அண்மைக் கடந்தகாலத்தைப் பெரும்பாலும் ஓரங்கட்டின. 1959 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு கொலோன் நகர யூதத் தொழுகைக்கூடத்தில் ஸ்வஸ்திகாவும் வெறுப்பு வாசகங்களும் தீட்டப்பட்டு, நாடெங்கும் அதுபோல நடக்கத் தொடங்கியபின்தான், 1960 பிப்ரவரியில் மாநிலக் கல்வி அமைச்சர்கள் கூடி நாஜிக் காலத்தைப் பாடமாக்குவது பற்றித் தீர்மானம் போட்டார்கள். 1966இல் தத்துவவாதி அடோர்னோ, ஆஷ்விட்ஸ் மறுபடி நிகழாமல் தடுப்பதே கல்வியின் முதல் வேலை என்று வானொலியில் பேசினார். ஒரு வேறுபாட்டை இங்கே தாண்டிப்போகக் கூடாது. ஜெர்மன் வகுப்பறையில் யூதப் பிள்ளைகள் அநேகமாக மிஞ்சவில்லை. பாதிக்கப்பட்டவர் இல்லாத அறையில் பாடம் நடந்தது. காவிரி டெல்டாவில் மிராசுதார் தெருப் பேரனும் சேரிப் பேத்தியும் ஒரே அரசுப் பள்ளியில் உட்கார முடியும். ஆசிரியரும் ஏதோ ஒரு தெருவிலிருந்துதான் வருகிறார். அந்த அறையில் 1968 என்று கரும்பலகையில் எழுதவே துணிச்சல் வேண்டும்.

பள்ளி தயங்கிய இடத்தில் மற்றவர்கள் நினைவைச் சுமந்தார்கள். கீழ்வெண்மணியில் 44 பெயரும் பொறித்த கல் இருக்கிறது; டிசம்பர் 25 தோறும் செங்கொடியோடு கூட்டம் வருகிறது. வெண்மணியை வைத்து எழுதப்பட்ட இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல் நாவல் 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பண்ணையாரின் ஆண்மைக் குறையை வன்மத்துக்குக் காரணமாக்கியதற்காக இடதுசாரிகள் அதைக் கடுமையாக விமர்சித்தார்கள். அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. சோலை சுந்தரபெருமாளின் செந்நெல் நாவல், பாரதி கிருஷ்ணகுமாரின் ராமையாவின் குடிசை ஆவணப்படம் ஆகியவை வயலுக்கு இன்னும் அருகில் நின்று பேசின. சாதியை மையத்தில் வைத்து வெண்மணியை மறுபடி வாசித்தது 1990களுக்குப் பிந்தைய தலித் எழுத்து.

தொலைவின் கொடுமை பாடத்தில் தங்க, அருகின் கொடுமை விலகுவதற்குத் தில்லியின் பாடநூல் இன்னொரு சாட்சி. என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் நாஜிசம் பற்றிய பாடமும், திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை உரிமைக்காகப் போராடியதைச் சொல்லும் ஆடை பற்றிய பாடமும் சேர்ந்தே இருந்தன. 2016இல் சி.பி.எஸ்.இ. அந்தச் சாதிப் பகுதியைத் தேர்விலிருந்து விலக்கியது. 2019இல் பாடமே நீங்கியது. நாஜிசம் இருந்தது.

பாடநூலில் இல்லாத சாதி வகுப்பறைக்குள் இருக்கவே செய்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன்பின் அமைந்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் வேண்டாம், கைக்கயிறு, மோதிரம், நெற்றிக் குறி போன்ற சாதி அடையாளங்கள் வேண்டாம், ஒரு பகுதியில் ஆதிக்கம் பெற்ற சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமை ஆசிரியராக நியமிக்க வேண்டாம் என்று அது சொன்னது. கைக்கயிறு பற்றி 2019இலேயே பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. பழைய நிலையே தொடரும் என்று அன்றைய கல்வி அமைச்சர் அறிவித்ததில் அந்தச் சுற்றறிக்கை அடங்கிப்போனது. பாடத்திட்டத்தைச் சமூகநீதி நோக்கில் திருத்தவும் சந்துரு குழு கேட்டிருக்கிறது, அறநெறி வகுப்பும் கேட்டிருக்கிறது. இவற்றில் முதலாவதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஏனென்றால் வேண்டிய பாடம் புதிதாக எழுதப்பட வேண்டியதில்லை. 1970இன் தீர்ப்பு, 1973இன் தீர்ப்பு, 1969இன் கூலிச் சட்டம் மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்து, கார் வைத்திருப்பவர் நடக்க மாட்டார் என்ற வாதம் சரியா என்று பதினொன்றாம் வகுப்பில் கேட்டாலே ஒரு பீரியட் போதாது.