வேவு வீரரின் படைக்கலம்

1944 ஏப்ரலில், தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டியை அடுத்த பேராதனைப் பூந்தோட்டத்திற்குப் பெயர்ந்தது. மவுண்ட்பேட்டன் பிரபு அதன் தலைமைத் தளபதி. பகைவர் கரையை இரவில் வேவு பார்க்கும் வீரரும் அவர் ஆணையின் கீழ்ப் பணிபுரிந்தனர். யாழ்ப்பாணத்துக் காரைநகரை அடுத்த ஹம்மன்ஹீலில் அவர்தம் பாசறை அமைந்திருந்தது.

இவ்வீரர் ஏந்திய படைக்கலங்கள் யாவை? நீர் புகாவண்ணம் காத்த கைத்துப்பாக்கி ஒன்று. ஷாங்காய் நகரக் காவற்றுறையிற் பணியாற்றிய ஃபெயர்பெயர்ன், சைக்ஸ் என்னும் இருவர் வகுத்த இருபுறக் கூர்க்கத்தி ஒன்று. துப்பாக்கி ஒருமுறை வெடிப்பினும் வேவு வெளிப்பட்டுவிடும். பகைவன் அக்கரையிற் காவலை மிகுப்பான். ஆதலின் சுடாது மீள்வதே வெற்றி.

அவர்தம் மெய்யான படைக்கலங்கள் வேறு. ஆழம் அளக்கும் கயிறு, நீருள் எழுதும் பலகை, மணலைத் துளைத்தெடுக்கும் துளைக்கருவி ஆகியனவே அவை. போர் வண்டிகளைக் கரை தாங்குமா என்பதை அவையே உரைத்தன.

அவ்வறிவின் அருமையை மலாயாவின் மோரிப் கரை உணர்த்திற்று. 1945 செப்டெம்பர் 9 அன்று, கண்டித் தலைமையகத்தின் திட்டப்படி படைகள் அங்கு இறங்கியபோது, மணலின் கீழிருந்த சேற்றில் வண்டிகள் பல புதைந்தன. யப்பான் முன்னரே சரணடைந்திருந்தமையால் எதிர்ப்பில்லை. எதிர்ப்பு இருந்திருப்பின், அச்சேற்றில் எத்தனை உயிர்கள் மாய்ந்திருக்குமோ!