பன்னிரண்டு கணினிகளும் ஒரு தலைமையாசிரியரும்



நேற்று பேரன் புதுக் கணினியில் விண்டோஸ் போட்டுக்கொண்டிருந்தான். "பழைய கணினிக்கு வாங்கியதையே இதிலும் போடேன்" என்றேன். "ஒரு லைசென்ஸ் ஒரு கணினிக்குத்தான் தாத்தா" என்றான். உடனே ஒரு ரஷ்யத் தலைமையாசிரியர் நினைவுக்கு வந்தார்.

பெர்ம் பகுதியில் செபிச் என்றொரு கிராமம். அங்குள்ள பள்ளித் தலைமையாசிரியர் அலெக்சாந்தர் பொனோசோவ். பள்ளியின் 12 கணினிகளில் லைசென்ஸ் இல்லாத விண்டோஸ் இருந்ததாக அவர்மீது வழக்கு. வரும்போதே ஏற்றப்பட்டுத்தான் வந்தன என்றார் அவர். நஷ்டம் 2,66,000 ரூபிளுக்கு மேல் என்றது அரசுத் தரப்பு. சிறைவரை போகக்கூடிய குற்றச்சாட்டு.

2007 பிப்ரவரியில் கோர்பச்சேவே அவருக்காக பில் கேட்ஸுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். வழக்குப் போட்டது நாங்கள் அல்ல என்றது மைக்ரோசாஃப்ட். விஷயம் அற்பமானது என்று நீதிமன்றம் வழக்கை முடித்தது. மனுஷர் விடவில்லை, மேல்முறையீடு செய்தார். அற்பக் குற்றம் என்றாலும் குற்றம்தானே! அரசுத் தரப்பும் விடவில்லை. மே மாதம் 5,000 ரூபிள் அபராதம் விழுந்தது. அதையும் எதிர்த்துப் போராடி 2008 டிசம்பரில் விடுதலையானார்.

இப்போது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளிக்குக் கணினிகள் வந்தபோது ஒரே சிடியை எல்லாவற்றிலும் போட்டவன் நான்தான். யாரோ எழுதித் தந்த எண்ணை, உங்களில் ஒருவர் வாசிக்க, நான் தட்டினேன். விசாரணை வந்திருந்தால் மாட்டியிருப்பவர், கையெழுத்துப் போட்டு அவற்றைப் பெற்றுக்கொண்ட நம் தலைமையாசிரியர். அவரிடம் நான் கேட்கவே இல்லை.