கொதிநீரைத் தாங்கும் புரதங்கள்: வெப்பவிரும்பி நுண்ணுயிரிகளில் அவை அறியப்பட்ட வரலாறு

முட்டை வெள்ளைக்கரு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் வெளுத்து இறுகத் தொடங்கும். உயிருலகின் பெரும்பாலான புரதங்களும் அந்த அளவு சூட்டில் மடிப்பு குலைந்து திரண்டுவிடும். அப்படியிருக்க, அதே சூட்டில் செழிக்கும் பாக்டீரியா எப்படிப் பிழைக்கிறது? 1953இல் எம். பி. ஆலன் ஒரு விடை சொன்னார்: இவற்றின் புரதங்களும் கெடத்தான் செய்கின்றன, ஆனால் கெடக் கெட உயிரணு வேகமாகப் புதியவற்றை ஆக்கிக்கொள்கிறது. கேட்க நியாயமாகத் தோன்றும் இந்த விடையை 1957இல் கோஃப்ளரும் கேலும் சோதித்தார்கள். உயிரணுக்களை உடைத்துச் சாற்றைப் பிரித்து 60 டிகிரிக்குச் சூடேற்றியபோது, சாதாரண பாக்டீரியாவின் புரதங்கள் பெருமளவு திரண்டன. வெப்பவிரும்பிகளின் புரதங்கள் பெரும்பாலும் கரைந்தபடியே இருந்தன. உடைந்த உயிரணுவில் புதிய புரதம் உருவாக வழியில்லை. ஆகவே உறுதி புரதத்திலேயே இருக்கிறது என்ற முடிவுக்கு இதுவே முதல் வலுவான சான்று என்பேன்.

சாற்றிலுள்ள வேறேதோ பொருள் புரதத்தைக் காத்திருக்கலாமே என்ற ஆட்சேபம் மிஞ்சியது. அதைத் தீர்த்தது ஒரே ஒரு நொதி. 1966இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில், மஷ்ரூம் ஸ்பிரிங் என்ற வெந்நீரூற்றில் எடுத்த மாதிரியிலிருந்து தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, 1969இல் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்டு வெளியிட்டனர். 1976இல் சியென், எட்கர், ட்ரெலா ஆகியோர் 80 டிகிரியில் மிகச் சிறப்பாக இயங்கும் டிஎன்ஏ பாலிமரேஸை அதிலிருந்து தூய்மைப்படுத்தினர். இதுவே டாக் நொதி. டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் முறையில் ஒவ்வொரு சுற்றிலும் கலவையை 90 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டியிருந்ததால், அதுவரை பயன்பட்ட ஈ. கோலி பாக்டீரியாவின் நொதி ஒவ்வொரு முறையும் அழிந்தது. சுற்றுக்குச் சுற்று புதிதாக ஊற்றினார்கள். 1988இல் சைக்கி குழுவினர் டாக் நொதியைக் கொண்டுவந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. அறிவியல் கணக்கில் இதைவிட முக்கியமானது அடுத்த ஆண்டு நடந்தது. டாக் மரபணுவை ஈ. கோலிக்குள் புகுத்தியபோது, வெந்நீரையே அறியாத அந்த உயிரணு ஆக்கிய நொதியும் சூட்டைத் தாங்கியது. அந்த உயிரணுச் சாற்றைச் சுமார் 75 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈ. கோலியின் சொந்தப் புரதங்கள் பெரும்பாலும் திரண்டு அடியில் படியும்; டாக் மேலுள்ள தெளிநீரிலேயே நிற்கும். தூய்மைப்படுத்தும் முதல் படியாகவே இது ஆகிவிட்டது.

உறுதி புரதத்திலேயே இருக்கிறது என்பது எல்லாப் புரதத்துக்கும் பொருந்தாது என்பவர்கள் காட்டும் சான்றும் கனமானதுதான். ஐஸ்லாந்து வெந்நீரூற்றிலிருந்து கிடைத்த மெத்தனோதெர்மஸ் ஃபெர்விடஸ் என்ற நுண்ணுயிரியின் சில நொதிகள், பிரித்தெடுத்தபின், அது வளரும் வெப்பத்தைக்கூட நெடுநேரம் தாங்குவதில்லை. உயிரணுவுக்குள் செறிந்துள்ள பொட்டாசியமும் வளைய டைபாஸ்போகிளிசரேட்டும் அவற்றைக் காக்கின்றன என்று 1988இல் ஹென்சலும் கோனிகும் காட்டினர். இது முன்சொன்ன முடிவைக் கவிழ்க்கவில்லை. அதன் எல்லையைக் காட்டுகிறது. உறுதியின் காரணமும் ஒன்றல்ல. பெரூட்ஸும் ரைட்டும் 1975இல் புரத மேற்பரப்பிலுள்ள உப்புப் பாலங்களை, அதாவது எதிரெதிர் மின்னூட்டங்களின் பிணைப்புகளை, சுட்டினர். 100 டிகிரியில் செழிக்கும் பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸின் குளூட்டமேட் டிஹைட்ரோஜினேஸில் 1995இல் அவை வலையாகவே பின்னியிருப்பது தெரிந்தது. வேறு புரதங்களிலோ இறுக்கமான உட்பகுதியும் குட்டையான வளைவுகளும் அந்த வேலையைச் செய்கின்றன. ஆகவே அமினோ அமில வரிசையை மட்டும் பார்த்து உறுதியைத் தீர்மானிப்பது நம்பகமானதல்ல, சூடேற்றித்தான் பார்க்க வேண்டும். 2017இல் பாவோலா பிக்கோட்டியின் குழு தெர்மஸ் தெர்மோஃபிலஸ் உட்பட நான்கு உயிரினங்களின் சாற்றைப் படிப்படியாகச் சூடேற்றி, மடிப்பு அவிழ்ந்த இடங்களைப் புரதம் அறுக்கும் நொதியால் வெட்டி, துண்டுகளை நிறை நிறமாலைமானியில் அளந்து, ஆயிரக்கணக்கான புரதங்களை ஒருசேர ஆராய்ந்தது. அங்கும் சோதிக்கப்பட்டது சாறுதான். உயிரணுவின் உட்சூழல் எவ்வளவு காக்கிறது என்று மெத்தனோதெர்மஸ் எழுப்பிய கேள்விக்கு அந்த ஆய்வு விடை தரவில்லை.