நத்தார் என்றொரு வீட்டுச் சொல்

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் டிசம்பர் பிறந்தால் கடைகளில் ‘நத்தார் வாழ்த்துகள்’ தொங்கும். தமிழகத்து வாசகர் பலருக்கு அது யாரோ ஒரு பெரியவரின் பெயர்போலப் படும். தகப்பனார், நாட்டார், நத்தார் என்று அடுக்கினால் பிசகில்லாமல் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் இந்த ‘ஆர்’ மரியாதை விகுதி அல்ல. போர்த்துக்கேயர் கிறிஸ்து பிறப்பு விழாவை ‘நத்தால்’ என்றார்கள்; பிறப்பைச் சுட்டும் ‘நாத்தாலிஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. தமிழ் நாவில் கடைசி லகரம் ரகரமாயிற்று. சிங்களம் லகரத்தை விடாமல் ‘நத்தல்’ என்கிறது. இந்தோனேசியாவிலும் அந்த நாளுக்கு இதே பெயர்தான். 1497 டிசம்பரில் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையோரம் போன வாஸ்கோ ட காமா, பண்டிகைக் காலமாயிற்றே என்று அந்தக் கரைக்கும் இப்பெயரையே சூட்டினார். 1860இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் இறங்கிய நேட்டால் அதுதான்.

ஈழத் தமிழில் தங்கிவிட்ட போர்த்துக்கேயச் சொற்களைப் பாருங்கள்: கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி, யன்னல், சப்பாத்து, பாண், தாச்சி. அரண்மனைக்கும் கோட்டைக்கும் உரிய சொல் இவற்றில் ஒன்றுமில்லை. எல்லாம் வீட்டுக்குள் புழங்குபவை. நத்தாரையும் நான் இந்தக் கூட்டத்தில்தான் சேர்ப்பேன். கோயிலைவிட வீடுதான் அதைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு. காரணம் ஒல்லாந்தர் காலத்துக் கதையில் இருக்கிறது.

1619இல் போர்த்துக்கேயர் கைக்குப் போன யாழ்ப்பாணம் 1658இல் ஒல்லாந்தர் வசமானது. வந்தவர்களும் கிறிஸ்தவர்களே, ஆனால் சீர்திருத்த சபையார். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்குப் புகலிடம் கொடுப்பதே மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கோயில்கள் கைமாறின. பிள்ளைகளின் பெயரும் திருமணமும் ஒல்லாந்தரின் பள்ளித் தோம்பில் பதிவாக வேண்டும். பதிவில்லாவிட்டால் முதுசச் சொத்துக்கே வில்லங்கம். ஆகவே பகலில் ஒல்லாந்தர் பள்ளிக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு, இரவில் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்ன குடும்பங்கள் இருந்தன. இரட்டை வேடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிலமும் வேண்டும், விசுவாசமும் வேண்டும் என்று இருந்தவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

ஏறத்தாழ முப்பது வருடம் இப்படி. குருவானவர் இல்லை, பூசை இல்லை. நத்தார் என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு அதைக் கண்ணால் கண்ட தாயோ பாட்டியோதான் சொல்லியிருக்க வேண்டும். கண்டவர்களும் ஒவ்வொருவராய்ப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஒல்லாந்தரின் சொல் ‘கெர்ஸ்ட்மிஸ்’. பள்ளியும் பதிவேடும் அவர்கள் கையில் இருந்தும் அது தமிழில் ஒட்டவில்லை.

1687இல் கோவாவிலிருந்து குருவானவர் ஒருவர் வந்தார், பிச்சைக்காரக் கோலத்தில். பெயர் யோசேப் வாஸ். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாய்ப் போய், அதைக் கண்டதும் யார் முகம் மாறுகிறது என்று பார்த்தே கத்தோலிக்கர்களைக் கண்டுபிடித்தாராம். யாழ்ப்பாணத்துச் சில்லாலை அவருக்குத் தங்குமிடம் ஆயிற்று. இரவு பூசைகள் வீடுகளில் நடந்தன. சில ஆண்டுகளில், ஒரு நத்தார் இரவில், பூசைக்குக் கூடியிருந்த வீடுகளைச் சிப்பாய்கள் சூழ்ந்து பலரைப் பிடித்துப்போனார்கள். எந்த இரவில் தேடினால் ஆட்கள் தப்பாமல் வீட்டில் இருப்பார்கள் என்று ஆட்சியாளருக்குத் தெரிந்திருக்கிறது. கிறிஸ்தவக் குடும்பத்துக்கு அந்நாள் என்னவாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. வாஸ் அகப்படவில்லை. கண்டி இராச்சியத்துக்குப் போய் அங்கேயே உழைத்து 1711இல் இறந்தார். 2015இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இன்றைய நத்தாருக்கு முதல் வேலை குடில். வைக்கோலும் கிடுகும் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் கசக்கிய கடதாசியே மலை. மாடும் ஆடும் இடையரும் முன்னமே வந்து நிற்பார்கள். நடுத்தொட்டி மட்டும் வெறுமையாய் இருக்கும். பாலனின் சுரூபத்தை நள்ளிரவில்தான் வைப்பது. அதுவரை அதை அலுமாரிக்குள் ஒளித்துவைத்திருக்கும் பெரியவருக்கும், தேடி எடுத்துவிடும் சின்னவருக்கும் நடக்கும் வழக்கு பல வீடுகளில் வருடா வருடம் உண்டு. இன்னும் வராதவருக்காக இடம் விட்டுவைத்துக் காத்திருப்பது என்னவென்று சின்னவர் அங்கேதான் படிக்கிறார். ஞானோபதேச வகுப்பு பிறகு வருகிறது.

கோயில் அறிவித்தலில் இப்போது ‘கிறிஸ்து பிறப்புப் பெருவிழா’ என்று நல்ல தமிழில் எழுதுகிறார்கள். பள்ளிக்கூடங்களில் ‘ஒளி விழா’. எனக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் ரொறன்ரோவிலிருந்தோ பாரிஸிலிருந்தோ மகள் தொலைபேசி எடுத்தால் ஊரிலுள்ள தாய் கேட்பது, “நத்தாருக்கு வாறியளோ?” என்றுதான். வந்தால் தட்டில் ரிச் கேக் இருக்கும்: ரவை, முந்திரி, பூசணி அல்வா சேர்த்துச் சுட்டு, சிறு துண்டுகளாய் வெட்டிக் கடதாசியில் சுற்றியது. பக்கத்தில் கொக்கிஸும் இருக்கலாம். அந்தப் பலகாரத்தின் பெயர் ஒல்லாந்த மொழியிலிருந்து வந்தது. நத்தாரைத் தடுக்கப் பார்த்தவர்கள் என்று சொல்லி அதை யாரும் ஒதுக்குவதில்லை.