நெஞ்சைப் பிளந்தால் நோகாமல் இருக்குமா?

அம்மப்பாவுக்கு 2018இல் பைபாஸ் செய்தார்கள். நாலாம் நாள் பார்க்கப் போனபோது கட்டிலில் நிமிர்ந்து இருந்தார், நெஞ்சோடு ஒரு தலையணை. இருமல் வந்தால் அதை இறுக்கிக் கட்டிப்பிடிக்கச் சொல்லியிருந்தார்களாம். "பிள்ளை, ஒப்பரேசன் ஒண்டுமில்லை. இந்த இருமல்தான் ஆளைக் கொல்லுது" எண்டார். நோவுக்குப் பயந்து இருமலை அடக்கி, சளி கட்டி, காய்ச்சலும் வந்து, வீட்டுக்கு வர இன்னும் ஒரு கிழமை பிந்திப்போச்சு. நோவுக்கு வேறு ஏதும் குடுக்க ஏலாதா எண்டு அம்மா வார்ட்டில் கேட்டா. "நெஞ்சைப் பிளந்தால் நோகாமல் இருக்குமா?" எண்டு பதில் வந்தது.

அந்தக் கேள்வி எனக்குள்ளேயே கிடந்தது. சாதாரண தரத்தோடு விஞ்ஞானத்துக்குக் கும்பிடு போட்ட ஆள் நான். ஆனால் இதை ஒரு வரலாற்றுக் கேள்வியாகக் கேட்கலாம்தானே. பல்லுப் பிடுங்க முதல் விறைப்பூசி போட்டுத் தாடையை மரக்கச் செய்கிறார்கள். அதே மாதிரி நெஞ்சை ஏன் செய்யவில்லை?

கதை 1884இல் வியன்னாவில் தொடங்குது. கார்ல் கொல்லர் என்ற இளம் வைத்தியருக்குக் கண் சத்திரசிகிச்சையில் ஆசை. அந்தக் காலத்தில் கண்ணில் கத்தி வைப்பது பெரிய கொடுமை: ஆள் முழிப்பாக இருக்க வேண்டும், ஆனால் அசையக்கூடாது. அவருடைய நண்பர் சிக்மண்ட் பிராய்ட் அப்போது கொக்கெயின் பற்றி ஆராய்ந்து கொண்டிருந்தார் (ஓம், அந்த பிராய்ட்தான்). அதை நாக்கில் வைத்தால் மரக்கும் என்பது ஏற்கெனவே தெரிந்த விசயம். பிராய்ட் தன் வருங்கால மனைவியைப் பார்க்க ஊருக்குப் போயிருந்த நேரத்தில், கொல்லர் அதைத் தவளையின் கண்ணில் விட்டுப் பார்த்தார். பிறகு முயல், நாய், கடைசியாகத் தன் சொந்தக் கண். குண்டூசியால் தொட்டால்கூடத் தெரியவில்லை. செப்டெம்பரில் ஹைடல்பேர்க்கில் நடந்த கண் வைத்தியர் மாநாட்டுக்குப் போகக் கொல்லரிடம் காசில்லை, அவருடைய கட்டுரையை வேறொருவர்தான் வாசித்தார்.

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்புக்குப் பிறகு அவருக்கு வியன்னாவில் ஒரு நல்ல பதவி கிடைத்திருக்க வேண்டும். அடுத்த ஜனவரியில் வைத்தியசாலையில் ஒரு சக வைத்தியர் அவரை யூதர் என்பதை வைத்துக் கேவலமாக ஏசினார். கொல்லர் முகத்தில் அறைந்தார். விசயம் வாள் சண்டை வரை போனது. மற்றவர் காயப்பட்டார், கொல்லருக்கு ஒண்டுமில்லை. ஆனால் அவர் விரும்பிய பதவி கிடைக்கவில்லை. கடைசியில் 1888இல் நியூயோர்க் போய்ச் சேர்ந்தார். விறைப்பு மருந்தின் வரலாற்றில் இந்தப் பகுதியைப் பலர் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்குத் தாண்ட மனம் வரவில்லை.

அதே நியூயோர்க்கில் வில்லியம் ஹோல்ஸ்ரெட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அடுத்த படியை வைத்தார். தோலில் பூசாமல், நரம்பு போகிற பாதையிலேயே ஊசியால் மருந்தைச் செலுத்தினால் அந்த நரம்பு பொறுப்பான இடம் முழுக்க மரத்துவிடும். இதைத்தான் இன்று நரம்பு மறிப்பு என்கிறோம், பல் வைத்தியரின் ஊசியும் இந்த வழியில் வந்ததுதான். அவரும் தோழர்களும் தங்களுக்கே ஊசி போட்டுப் பரிசோதித்துக் கொக்கெயினுக்கு அடிமையானார்கள். அதிலிருந்து மீட்க அவருக்கு மோர்பின் குடுத்தார்கள், பிறகு மோர்பினை அவரால் விடவே முடியவில்லை.

1898இல் ஜேர்மனியின் கீல் நகரில் ஓகஸ்ட் பியரும் அவருடைய உதவியாளர் ஹில்டபிராண்டும் முதுகுத்தண்டில் மருந்து செலுத்திப் பார்த்தது இன்னும் விசித்திரம். உதவியாளரின் கால் மரத்ததும் பியர் அதில் சுருட்டால் சுட்டார், இரும்புச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே அடித்தார். நோகவில்லை! பிறகு இரண்டு பேரும் வைன் குடித்துக் கொண்டாடினார்கள். பியருக்கு நாட்கணக்கில் தலையிடி.

ஆக, 20ஆம் நூற்றாண்டு தொடங்கும்போதே வழி தெரிந்திருந்தது. கொக்கெயினை விடப் பாதுகாப்பான மருந்துகளும் ஒவ்வொன்றாக வந்தன. அப்ப இதயம் ஏன் காத்திருந்தது?

ஜோன் கிப்பன் 1953 மே மாதத்தில் பிலடெல்பியாவில் இதய நுரையீரல் இயந்திரத்தைப் பயன்படுத்தி 18 வயதுப் பெண்ணொருவரின் இதயத்தைத் திறந்து சரிசெய்தார். அந்தக் காலத்தில் ஆள் உயிரோடு மேசையை விட்டு எழும்புவதே பெரிய விசயம், நோவைப் பற்றி யார் கதைத்தார்கள்? 1969இல் பொஸ்ரன் வைத்தியர்கள் பெரிய அளவில் மோர்பின் குடுத்தாலும் இதயம் தாக்குப்பிடிக்கும் எண்டு காட்டினார்கள். அதற்குப் பிறகு பல வருசம் அதுதான் வழி: நிறைய மருந்து, நீண்ட நித்திரை, அடுத்த நாள் வரை மூச்சுக்கு இயந்திரம். நித்திரையில் இருப்பவர் முறைப்பாடு செய்யமாட்டார்.

முதுகுத்தண்டின் பக்கத்தில் குழாய் வைத்து நெஞ்சை மரக்கச் செய்யும் முறையும் முயலப்பட்டது. நோவுக்கு அது நல்லாக வேலை செய்தது. சிக்கல் இரத்தத்தில். இயந்திரத்துக்குள் இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் குடுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஊசி பட்ட இடத்தில் இரத்தம் கசிந்தால், எலும்புக்குள் அது போக வேறு இடமில்லை, முண்ணாணை நசுக்கும். கால் இரண்டும் இழுக்காமல் போகலாம். அரிதுதான். ஆனாலும் இதயத்தைக் காப்பாற்றிக் காலைப் பறிக்கும் ஆபத்தை எத்தனை பேர் எடுப்பார்கள்? அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

வழி திறந்தது திரும்பவும் வியன்னாவில். 1994இல் அங்குள்ள வைத்தியர்கள் அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடியே தோளுக்கு மேலுள்ள நரம்புகளுக்கு ஊசி போட்டதை எழுதினார்கள். ஊசி எங்கே போகிறது எண்டு தெரிந்தால், முண்ணாணை விட்டுத் தள்ளி நிற்கலாம். 2016இல் கனடாவில் மோரிசியோ ஃபொரேரோவும் கூட்டாளிகளும், முதுகெலும்பை நிமிர்த்தும் தசைக்கும் எலும்பின் பக்க முனைக்கும் நடுவில் மருந்தை விடும் முறையை வெளியிட்டார்கள். முதலில் அது தீராத நெஞ்சு நோவுக்கு, கொஞ்ச நாளில் இதய சத்திரசிகிச்சைக்கும் வந்தது. முன்பக்கம், நெஞ்செலும்பின் ஓரத்திலேயே போடும் ஊசிகளும் இருக்கு.

இது மந்திரம் இல்லை. மருந்து சில மணித்தியாலம்தான் நிற்கும், கூட வேணுமெண்டால் மெல்லிய குழாய் வைக்க வேணும். காலில் நாளம் எடுத்த இடத்து நோவை இது தொடாது. முதுகில் போட்ட மருந்து நெஞ்சின் முன்பக்கம் வரை எப்படிப் போகுது, எல்லாருக்கும் போகுதா எண்டு ஆய்வாளர்களே இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். ஸ்கான் இயந்திரமும், பழகிய கையும், ஒப்பரேசன் நாளில் அதற்கெண்டு கொஞ்ச நேரமும் வேணும். நிறைய இதய நோயாளிகள் வரிசையில் நிற்கிற இடத்தில் கடைசியில் சொன்னதுதான் கஷ்டம்.

போன கிழமை இதை எழுதிக்கொண்டிருக்கேக்க அம்மப்பா என்ன எழுதுறாய் எண்டு கேட்டார். வாசித்துக் காட்டினேன். கொல்லர் அறைந்த இடத்தில் சிரித்தார். ஃபொரேரோவின் இடத்தில் நிற்பாட்டச் சொன்னார்.

"எத்தனையாம் ஆண்டு எண்டனி?"

"2016, அம்மப்பா."

கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கவில்லை. பிறகு, "அந்தத் தலகாணி இன்னும் அலுமாரிக்குள்ளதான் கிடக்கு" எண்டார்.