பாத்திரம் கழுவும் இயந்திரமும் ஜொகூர் ஆற்று நீரும்



சென்ற ஆண்டு எங்கள் இல்லத்திற்குப் பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒன்று வந்து சேர்ந்தது. கணவன் மனைவி இருவரும் பணிக்குச் செல்லும் வீடு. இரவில் பாத்திரக் குவியல்தான் எங்கள் சண்டைக்கு முதற்காரணம். முதல் நாள் இரவு குழாயைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு தட்டையும் நன்றாக அலசி, அதன்பின் இயந்திரத்தில் அடுக்கினேன். ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பாதி வாழ்நாளைக் கழித்த என் தாயார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மிசினுதான் கழுவும்னா, நீ எதுக்குய்யா கழுவுற?" என்றார்.

விடை சொல்லத் தெரியவில்லை. விடை தேடப் போய் அந்த இயந்திரத்தின் வரலாற்றையே படிக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் செல்பிவில் என்னும் ஊரில் ஜோசபின் காக்ரன் என்ற செல்வச் சீமாட்டி வாழ்ந்தார். விருந்துக்குப் பயன்படுத்திய தம் பரம்பரைப் பீங்கான் தட்டுகளைப் பணியாட்கள் கழுவும்போது விளிம்பு உடைப்பதைப் பொறுக்காமல்தான் அவர் இயந்திரம் செய்யத் துணிந்தார். 1883இல் கணவர் கடனை விட்டுவிட்டு இறந்தார். அதன்பின் அம்முயற்சி பொழுதுபோக்காக இருக்கவில்லை, பிழைப்பாயிற்று. ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற இயந்திரப் பணியாளரின் துணையோடு, தட்டுகளின் அளவிற்கேற்பக் கம்பித் தட்டங்களை வளைத்து, அவற்றைச் செப்புக் கொப்பரைக்குள் சுழலும் சக்கரத்தில் பொருத்தினார். சூடான சோப்பு நீர் அவற்றின்மீது பீய்ச்சி அடித்தது. 1886 டிசம்பர் 28இல் காப்புரிமை கிடைத்தது. அவருக்கு முன்னரே, 1850இல், ஜோயல் ஹவ்டன் என்பவர் கையால் சுழற்றும் மரப்பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அது பயனுக்கு வரவில்லை. நீரின் விசையே தேய்க்கும் கைக்கு மாற்றாகும் என்று கண்டதுதான் காக்ரனின் வெற்றி.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த இயந்திரம் தண்ணீரை மிச்சப்படுத்தப் பிறந்ததன்று. தட்டைக் காப்பாற்றப் பிறந்தது. 1893ஆம் ஆண்டு சிக்காகோ உலகக் கண்காட்சியில் அது புகழ்பெற்றபோதும் வாங்கியவர்கள் உணவகத்தாரும் தங்குவிடுதியாருமே. அக்காலத்து வீடுகளில் அத்தனை வெந்நீருக்கு வழியில்லை. காக்ரன் 1913இல் மறைந்தார். வீட்டு அடுக்களைகளில் இயந்திரம் பரவலாக இடம்பெற்றது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான்.

சிக்கனம் வந்தது அதற்கும் பிறகு. 1973இன் எண்ணெய் நெருக்கடி மேலைநாடுகளை உலுக்கியது. இந்த இயந்திரம் உண்ணும் மின்சாரத்தில் பெரும்பகுதி நீரைச் சூடாக்கவே செலவாகிறது; ஆகவே நீரைக் குறைத்தால் மின்சாரமும் குறையும். இந்த எளிய கணக்கைச் சட்டம் கையில் எடுத்துக்கொண்டது. 2013இல் நடப்புக்கு வந்த அமெரிக்க விதிப்படி, முழு அளவு இயந்திரம் ஒரு சுற்றுக்கு 5 கேலன், அதாவது ஏறத்தாழ 19 லிட்டருக்கு மேல் பயன்படுத்தலாகாது. இன்றைய நல்ல இயந்திரங்கள் 10 முதல் 13 லிட்டருக்குள் முடித்துவிடுகின்றன. 'இக்கோ' என்று பொறித்த தேர்வு மூன்று மணி நேரத்திற்கும் மேல் ஓடுவதைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். நேரத்தைக் கூட்டிச் சூட்டைக் குறைப்பதே அதன் உத்தி. நீண்ட நேரம் ஓடினாலும் செலவு குறைவுதான்.

ஜெர்மனியின் பான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஐரோப்பிய நாட்டினரை அழைத்துப் பன்னிருவர் உண்ட பாத்திரங்களைக் கையால் கழுவச் செய்து அளந்தனர். சராசரியாக 100 லிட்டர் அளவிற்கு நீர் செலவாயிற்று. விற்பனையாளர்கள் இந்த எண்ணைத்தான் விரும்பிச் சொல்வர். அம்மாவிடம் நானும் பெருமையாகச் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டு மூன்று பேசின்களை எடுத்து வைத்தார். லயத்துப் பொதுக்குழாயில் குறித்த நேரத்திற்கு மட்டும் தண்ணீர் வந்த காலத்துப் பழக்கம் அது: ஒன்றில் தேய்ப்பு, ஒன்றில் முதல் அலசல், ஒன்றில் இறுதி அலசல். அன்றைய இரவுப் பாத்திரங்கள் அனைத்தையும் முடித்தபோது, வாளியால் அளந்து பார்த்தேன். 20 லிட்டர்கூட ஆகவில்லை. அத்தனையும் பச்சைத் தண்ணீர். மின்சாரம் சிறிதும் இல்லை. மறுநாள் என் 'முன் அலசலை' அளந்தேன். நான்கு வாளி! அதற்குப் பின்னரே இயந்திரம் தன் பங்கைக் குடிக்கத் தொடங்கியது. (அம்மா வாயைத் திறக்கவில்லை. அதுதான் பொறுக்கமுடியவில்லை.)

அந்த அலசல் தேவையே இல்லையாம். இன்றைய சலவைத்தூள்களில் நொதிகள் சேர்க்கப்படுகின்றன. அமிலேஸ் என்பது சோற்றுக் கஞ்சியின் மாவுச்சத்தையும், புரோட்டியேஸ் என்பது மீன், முட்டைக் கறையின் புரதத்தையும் சிதைக்கும். எலும்பு, கறிவேப்பிலை, பருக்கை ஆகியவற்றை வழித்துக் குப்பையில் போட்டால் போதும். இயந்திரம் நிறைந்த பின்பே ஓடவேண்டும். பாதி நிறைந்தாலும் குடிக்கும் நீர் பெரும்பாலும் குறைவதில்லை. வாழையிலையில் உண்டவர்களுக்கு இந்தத் தொல்லைகள் எவையும் இருந்ததில்லை என்பதும் நினைவுக்கு வருகிறது.

பண்டார் தெங்காராவில் அமர்ந்து வாளிக்கணக்குப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. நம் ஊருக்கு வடக்கே காட்டினுள் லிங்கியு நீர்த்தேக்கம் இருக்கிறது. 1990இல் ஜொகூரும் சிங்கப்பூரும் செய்த உடன்படிக்கையின்படி எழுந்த அணை அது. அதிலிருந்து விடப்படும் நீர்தான் வறட்சியில் ஜொகூர் ஆற்றைத் தாங்கி, கடலின் உப்பு மேலேறாமல் தடுக்கிறது. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூர் அவ்வாற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம்; ஜொகூர் மக்களும் அதே ஆற்றை நம்பியிருக்கின்றனர். 2016 அக்டோபரில் அத்தேக்கத்தின் கொள்ளளவில் 20 விழுக்காடே எஞ்சியிருந்தது. இவ்வளவு மழை பெய்யும் மண்ணில், செம்பனைக் காடுகளுக்கு அப்பால், அந்தத் தேக்கம் அப்படி வற்றியதை நம் பிள்ளைகள் எத்தனை பேர் அறிவர்?

இப்பொழுது எங்கள் வீட்டு இயந்திரம் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஓடுகிறது. அடுக்குவது அம்மா, தேங்காய் நாரால் வழித்து, ஒரு கரண்டிக்கும் இடம் வீணாகாமல் அடுக்குகிறார். குவாலியை மட்டும் இயந்திரத்தில் வைக்க விடுவதில்லை. அதற்கு இன்னும் பேசின்தான், அந்தத் தண்ணீர் வாழை மரத்திற்குப் போகிறது. பழக்க தோஷத்தால் நான் குழாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் கை நீண்டு வந்து மூடிவிடுகிறது.