ஈதர் சொட்டிய கைகள்

நோயாளியின் முகத்தில் துணி போர்த்திய கம்பி முகமூடி. அதன்மேல் மயக்க மருந்தான ஈதர் சொட்டுச் சொட்டாக விழுகிறது. மூச்சின் போக்கைக் கவனித்தபடியே ஆறுதலாகப் பேசுகிறார் செவிலியர் ஆலிஸ் மகாவ்.

அமெரிக்காவின் ராச்செஸ்டரில், அறுவை மருத்துவர்களான மேயோ சகோதரர்களின் அரங்கில் நடந்தது இது. 14,000-க்கும் மேற்பட்டோருக்கு மயக்கம் கொடுத்த அனுபவத்தை அவர் 1906-இல் எழுதினார். மயக்க மருந்தால் நேர்ந்த சாவு ஒன்றுகூட இல்லை.

இப்படி மயக்கம் கொடுத்த செவிலியர்களுக்கு வேலை கிடைத்தது, அங்கீகாரம்தான் கிடைக்கவில்லை. 1931-இல் அவர்களில் ஒருவரான அகதா ஹாட்ஜின்ஸ் மற்றவர்களைத் திரட்டித் தேசியச் சங்கம் தொடங்கினார்.

அடுத்து வந்தது வழக்கு. மயக்கம் கொடுப்பது மருத்துவத் தொழில், செவிலியர் செய்யக்கூடாது என்று லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவர்கள் மயக்கம் கொடுத்துவந்த செவிலியர் டாக்மர் நெல்சனை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். அறுவை மருத்துவரின் மேற்பார்வையில் செய்தால் தவறில்லை என்று 1936-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1945-இல் சங்கம் முதல் தகுதித் தேர்வை நடத்தியது. பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள 'சி.ஆர்.என்.ஏ.' (சான்று பெற்ற பதிவுசெய்த மயக்கவியல் செவிலியர்) என்ற நான்கெழுத்து 1956-இல் வந்தது.